மலைச்சாரல் மூலிகைகள்: இனமறிதலும் சேகரித்தலும்

திருவண்ணாமலை நகருக்குத் தென்மேற்கே செங்கம் சாலையில் அமைந்திருக்கும் ரமணாசிரமத்தின் பின்புறமாக எழும் அருணாசல மலையை மருந்து மலை என்று பக்தர்கள் கொண்டாடுவதுண்டு. மலையைச் சுற்றி வரும் வழி ஏறக்குறைய 14 கிலோமீட்டர். அவ்வழியில் வீசும் மூலிகைக் காற்று தேகத்திற்கு நன்மை தரும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. காற்று வியாதியைத் தீர்க்குமா என்பதைப்பற்றி இங்கே வாதிப்பதற்கில்லை. 14 கிலோமீட்டர் நடப்பது நன்மை என்பதில் எந்த வைத்தியருக்கும் ஐயமிராது. மலைச்சாரலிலும் அதனை அடுத்த தரிசுகளிலும் மருந்துச் செடிகள் மிகுதி என்பது மட்டும் உண்மையே. மழை பெய்து பத்துப் பதினைந்து நாட்களில் வயல் வரப்புகளில் கீழாநெல்லியும் மூக்கிரட்டையும் தலைகாட்டும். வேலிகளில் ஆடாதோடையும் தூதுவளையும் சீந்திற்கொடியும், மேட்டு நிலங்களில் ஆவாரையும் நெருஞ்சிலும் கண்டங்கத்தரியும் காணப்படும்.

இச்செடிகளை அறிந்திருந்தவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள் அல்லர். ரமண மகரிஷி மலைமீது விரூபாட்ச குகையில் வசித்த காலத்தில், குகை நமசிவாயர் கோயிலில் தங்கியிருந்த ஒரு கிழவி, சாரலெல்லாம் திரிந்து பலவகைக் கீரைகளைப் பறித்துச் சமைத்து அவருக்கும் கொண்டுவந்து கொடுப்பாள் என்று ஆசிரம நூல்கள் கூறுகின்றன. கீரைப் பாட்டி என்றே அவளுக்குப் பெயர். எந்த இலை உண்ணத்தக்கது, எது தகாதது என்பதை அவள் கண்ணாலும் கையாலும் அறிந்திருந்தாள். பறித்தவளே சமைத்தாள், சமைத்தவளே உண்டாள். இத்தகைய நிலைமையில் பிழை நேர இடம் குறைவு. செடியைப் பறிப்பவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர், பொடி செய்பவர் மற்றொருவர், உட்கொள்பவர் முன்பின் அறியாத வேறொருவர் என்று ஆகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. மூலிகைச் சேகரத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் கவனிக்கவேண்டிய விஷயம் இதுவே.

தமிழ்நாட்டில் சித்த வைத்தியமும் ஆயுர்வேதமும் அடுத்தடுத்து வாழ்ந்து வந்திருக்கின்றன. ஒரே செடியைச் சித்தர் நூல்கள் ஒரு பெயராலும் ஆயுர்வேத நூல்கள் வேறொரு பெயராலும் வழங்கும். ஆடாதோடை அங்கே வாசா, மூக்கிரட்டை புனர்நவா, நெருஞ்சில் கோக்ஷுரம், சீந்தில் குடூசி. நெருஞ்சிலும் கண்டங்கத்தரியும் தசமூலம் என்னும் பத்து வேர்களில் சேர்ந்தவை. இவற்றுட் சிலவற்றின் குணத்தை நவீன ரசாயன சாஸ்திரமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. இருமலுக்கும் கபத்திற்கும் ஆடாதோடையிலைக் கஷாயம் கொடுப்பது நெடுநாளைய வழக்கம். அவ்விலையிலுள்ள வாசிசின் என்னும் சத்தை முன்மாதிரியாகக் கொண்டே, இன்று ஆங்கில மருந்துக் கடைகளில் கபத்தைக் கரைப்பதற்கு விற்கப்படும் புரோம்ஹெக்சின் என்னும் மருந்து செய்யப்பட்டது. அதே வாசிசினுக்குக் கருப்பையைச் சுருக்கும் தன்மையும் உண்டு. ஆதலின் கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடைக் கஷாயம் ஆகாது. வீட்டு வேலியில் முளைப்பதனாலேயே ஒரு செடி கெடுதலற்றது என்று கொள்வது பிழை.

இப்பகுதியில் மிகுதியாகப் பேசப்படும் மூலிகை கீழாநெல்லி. ஒரு சாண், இரண்டு சாண் உயரம் வளரும் இச்சிறு செடியில் காய்கள் இலைக்காம்பின் அடிப்புறமாக வரிசையாய்த் தொங்குவதால் இப்பெயர் வந்தது. ஆயுர்வேதத்தில் இதற்குத் தாமலகி, பூம்யாமலகி என்று பெயர். மஞ்சட்காமாலைக்கு இதனைச் சமூலமாக, அதாவது வேர் முதல் காய் வரை, அரைத்து நெல்லிக்காயளவு எடுத்து மோரில் கலந்து காலையில் கொடுப்பது வழக்கம். உப்பு, புளி, எண்ணெய் நீக்கிப் பத்தியம் சொல்வர். இதனால் குணமடைந்தவர் பலர் ஒவ்வொரு கிராமத்திலும் இருப்பர். அவர்கள் கூறுவது பொய்யன்று. ஆயினும் அதன் காரணத்தை ஆராய வேண்டும்.

காமாலை என்பது ஒரே வியாதி அன்று. பல வியாதிகளுக்கு ஏற்படும் ஓர் அடையாளம். அசுத்தமான நீரினாலும் உணவினாலும் பரவும் ஏ, இ என்னும் கிருமிகளால் வரும் ஈரல் அழற்சி, பெரும்பான்மையோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். ஓய்வும் இலகுவான ஆகாரமும் இருந்தால் போதும். அந்நாட்களில் எந்த இலையைத் தின்றாலும் அந்த இலைக்கே கீர்த்தி போய்ச் சேரும். இரத்தத்தின் வழியாகவும், பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும் பி கிருமியோ சிலரது உடலில் பல்லாண்டு தங்கி ஈரலைச் சுருக்கிவிடும். பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் கண் மஞ்சளாகும். சாராயத்தால் ஈரல் கெட்டாலும், எலிக்காய்ச்சலிலும் அப்படியே. கல் அடைத்த காமாலைக்கு இலையை அரைத்துக் கொடுத்துக்கொண்டு நாள் கடத்தினால் உயிருக்கே ஆபத்து நேரும். கர்ப்பிணிக்கு வரும் இ வகைக் காமாலை, முக்கியமாகக் கடைசி மூன்று மாதங்களில், மிகக் கொடியது. காமாலை கண்டவருக்குப் புத்தி தடுமாறினாலும், இரத்தம் கசிந்தாலும், வயிறு வீங்கினாலும், ஓயாமல் வாந்தி கண்டாலும், நோயாளி கர்ப்பிணியாகவோ பச்சிளங் குழந்தையாகவோ இருந்தாலும், ஒரு நாளும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மற்றவர்களும் முதலில் இரத்தத்தைப் பரிசோதித்து இது எவ்வகைக் காமாலை என்று தெரிந்துகொண்ட பிறகே பத்தியமோ பச்சிலையோ தொடங்குவது முறை.

கீழாநெல்லியைப்பற்றி உலகமெங்கும் பேச்செழுந்தது சென்னையில் நடந்த ஒரு சோதனையினால். பி கிருமியைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் பாரூக் பிளம்பெர்க்குடன் சேர்ந்து, சென்னையைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜன் முதலியோர் செய்த ஆராய்ச்சி 1988-ல் லான்ஸெட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. பி கிருமியை உடலில் தாங்கியவர்களுக்கு உலர்ந்த கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்தபின் பரிசோதித்ததில், 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெறும் பொடி உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. இச்செய்தி கேட்டுப் பல நாடுகளில் மகிழ்ச்சி உண்டாயிற்று. ஆனால் பின்னர்த் தாய்லாந்திலும் நியூஸிலாந்திலும் செய்த சோதனைகளில் அத்தகைய பலன் காணப்படவில்லை. இன்றைய வைத்திய நிபுணர்கள் பி கிருமிக்குக் கீழாநெல்லியை நம்பச் சொல்வதில்லை. அதனைத் தடுக்கத் தடுப்பூசியும், தணித்து வைக்க மாத்திரைகளும் உண்டு. சென்னைச் சோதனையை முற்றிலும் வீண் என்று தள்ளுவதும் நியாயமன்று. ஒரு கிராமத்துப் பச்சிலையை முறைப்படி நிறுத்து, எண்ணி, வெறும் பொடியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழியை அது காட்டிற்று. முடிவு நாம் விரும்பியபடி அமையாததற்கு வழியைக் குறைகூறலாகாது.

பலன்கள் வேறுபட்டதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று இங்கே கருதத்தக்கது. எல்லாரும் கொடுத்தது ஒரே செடிதானா? பழைய புத்தகங்களில் நம் நாட்டுக் கீழாநெல்லியைப் பைலாந்தஸ் நிருரி என்று எழுதிவந்தனர். அப்பெயர் அமெரிக்கக் கண்டத்துச் செடி ஒன்றற்கு உரியதென்றும், இங்கு மிகுதியாக முளைப்பது பைலாந்தஸ் அமாரஸ் என்றும் பின்னரே தெளிவாயிற்று. இதன் உறவுச் செடிகள் பல ஒரே வரப்பில் கலந்து முளைக்கின்றன. செந்தண்டுடைய சிவப்புக் கீழாநெல்லி ஒன்று; நிமிர்ந்து வளரும் மேலாநெல்லி மற்றொன்று. கடைச் சரக்கைப் பரிசோதித்தவர்கள் கீழாநெல்லி என்ற பெயரில் வேறு இனங்களும் கலந்திருக்கக் கண்டிருக்கின்றனர். கூலிக்குப் பறிப்பவர் எடைக்குக் காசு பெறுவதால், கைக்கு வந்ததையெல்லாம் மூட்டையில் திணிப்பது இயல்பு. அவர்மேல் மட்டும் குற்றம் சுமத்துவது தகாது. இனம் பிரித்துக் கொண்டுவந்தாலும் அதற்குத் தனி விலை கொடுப்பார் இல்லை.

பெயர்க்குழப்பம் எவ்வளவு கேடு செய்யும் என்பதற்குப் பெல்ஜியம் தேசத்தில் நடந்ததே சாட்சி. உடல் இளைப்பதற்காகப் பிரஸ்ஸெல்ஸ் நகரில் பெண்கள் பலருக்குக் கொடுக்கப்பட்ட சீன மூலிகைப் பொடியில், ஒலியால் ஒத்த பெயருடைய வேறொரு செடி தவறுதலாகச் சேர்ந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. பலருக்குப் பின்னர் மூத்திரக் குழாயில் புற்றுநோயும் கண்டது. இது 1993-ல் லான்ஸெட் மூலம் வெளிப்பட்டது. அந்தச் செடி ஆரிஸ்டலோக்கியா என்னும் இனத்தைச் சேர்ந்தது. நம் கரிசல் வயல்களில் முளைக்கும் ஆடுதின்னாப்பாளையும், வேலிகளில் படரும் ஈசுரமூலியும் அதே இனம்; அதே நஞ்சு இவற்றிலும் உண்டு. கிருமிப்பூச்சிக்கும் தோல்நோய்க்கும் பாம்புக்கடிக்கும் இவற்றை உள்ளுக்குக் கொடுப்பது பழைய வழக்கமாயினும், இன்று தெரிந்திருப்பதைக் கொண்டு பார்த்தால் அதனை நிறுத்திவிடுவதே தக்கது. சிறுநீரகம் கெடுவது உடனே தெரியாது. ஆதலால் மருந்தின்மேல் எவரும் பழி சொல்வதில்லை. பாம்பு கடித்தவரை விஷமுறிவு ஊசி இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முன் எந்த இலைக்காகவும் நேரம் போக்கக்கூடாது. இவ்வாறே கார்த்திகைப்பூ என்னும் செங்காந்தளின் கிழங்கைக் கறிக்கிழங்கென்று எண்ணித் தின்று மாண்டவர்கள் உண்டு. அதன் விதையிலும் கிழங்கிலும் உள்ள கால்ச்சிசின், வாதக் கீல்வீக்கத்திற்கு அளவறிந்து கொடுக்கப்படும் மருந்து. அளவு சற்றே மிஞ்சினால் விஷம்.

எல்லா வியாதிக்கும் ஒரு பச்சிலை உண்டென்ற பேச்சும் சரியன்று. மகரிஷிக்கு இடக்கையில் கண்ட கட்டிக்கு 1949-ல் அறுவை வைத்தியமும் செய்யப்பட்டது, மூலிகை வைத்தியமும் செய்யப்பட்டது. எதற்கும் அது கட்டுப்படாமல் 1950 ஏப்ரல் 14-ல் அவர் சமாதியடைந்தார். ஒரு முறையை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்த இதில் இடமில்லை.

இனிச் சேகரிக்கும் முறை. எதை எப்பொழுது எடுப்பது என்பதைச் சரக சம்ஹிதை வகுத்திருக்கிறது: இலையும் கிளையும் மழைக்காலத்திலும் வசந்தத்திலும், வேர் பழைய இலை உதிர்ந்த பின் கோடையிலோ பின்பனியிலோ, பட்டையும் கிழங்கும் பாலும் கூதிர்காலத்தில், பூவும் காயும் அததன் பருவத்தில். எங்கே எடுக்கலாகாது என்பதைச் சாரங்கதர சம்ஹிதை கூறுகிறது. புற்றிலும் அசுத்தமான இடத்திலும் சதுப்பிலும் சுடுகாட்டிலும் உவர்நிலத்திலும் வழிநடைப் பாதையிலும் முளைத்தவை ஆகா. இவ்விதியின் பொருத்தம் இன்று முன்னிலும் அதிகம். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் நடக்கும் கிரிவலப் பாதையின் ஓரத்திலும், மோட்டார்கள் ஓடும் செங்கம் சாலையின் ஓரத்திலும் முளைப்பதைப் பறித்தல் கூடாது. புழுதியும் புகையும் அசுத்தமும் அச்செடிமேல் படிந்திருக்கும். பூச்சிமருந்து தெளித்த வயலின் வரப்பும் அப்படியே.

மலையோ காப்புக்காடு, வன இலாகாவின் அனுமதியின்றி அதில் வேரையும் பட்டையையும் எடுக்க உரிமையில்லை. பழங்குடியினருக்கும் பரம்பரையாகக் காட்டை அண்டி வாழ்வோருக்கும் 2006-ஆம் வருஷத்து வனவுரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்கள்மேல் உரிமை அளித்திருக்கிறது. மலைமேல் வளரும் எலுமிச்சை மணமுள்ள புல் கோடையில் தீப்பற்றினால் மூலிகையும் மரக்கன்றும் சேர்ந்து எரிந்துபோகின்றன. மலையில் மீண்டும் மரம் வளர்க்கும் முயற்சி 1988 முதல் நடந்துவருகிறது. அதற்குப் பெரும் பகை இத்தீயே. சங்கங்களுக்கு மலையைத் தொட வேண்டிய அவசியமும் இல்லை. கீழாநெல்லியும் மூக்கிரட்டையும் அங்கத்தினர்களின் சொந்த வயல்களிலேயே களையாக முளைக்கின்றன. பிடுங்கி எறியப்படும் களைக்கே விலை உண்டு.

வைத்தியர்களும் கூட்டுறவும் சேர்வது புதிதன்று. சென்னை அரசாங்கம் 1921-ல் நியமித்த உஸ்மான் கமிட்டி 1923-ல் அறிக்கை தந்தது; 1924-ல் சென்னையில் இந்திய வைத்தியப் பாடசாலை தொடங்கியது. பிறகு 1944-ல் நாட்டு வைத்தியர்கள் தாமே பங்கு போட்டு இம்காப்ஸ் என்னும் கூட்டுறவு மருந்துச் சாலையை நிறுவினர். சென்னை திருவான்மியூரில் அது இன்றும் நடைபெறுகிறது. திருவண்ணாமலை ஜில்லாவைச் சேர்ந்த ஜவ்வாது மலையில், கடுக்காய் முதலிய வனப்பொருள்களைத் திரட்டி விற்பதற்கு மலைவாழ் மக்களின் லேம்ப் சங்கங்கள் ஏற்பட்டன. மருந்து செய்வோர் சங்கம் ஒரு பக்கமும் சரக்குத் திரட்டுவோர் சங்கம் மறுபக்கமும் இருக்க, சமவெளிக் கிராமத்துக் கீழாநெல்லி மட்டும் தரகர் கையால் சென்னை நாட்டுமருந்துக் கடைகளுக்குப் போகிறது.

சங்கம் இதில் இறங்கினால் முதல் செலவு அதிகமில்லை. நிழலில் உலர்த்துவதற்கு ஒரு கொட்டகை, மண்படாமல் விரிக்கத் தார்ப்பாய், தராசு, கோணிகள் போதும். வெயிலில் காய்ந்த இலை நிறம் வெளுத்து விலை குறையும். ஈரம் போகாமல் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். ஒவ்வொரு மூலிகைக்கும் வேர், இலை, பூ, காய் எல்லாம் உள்ள ஒரு மாதிரிச் செடியைக் காகிதத்தில் ஒட்டி, சித்த வைத்தியர் ஒருவரிடமோ கல்லூரித் தாவர சாஸ்திர ஆசிரியர் ஒருவரிடமோ காட்டிப் பெயர் எழுதி வாங்கிச் சங்கக் கட்டடத்தில் தொங்கவிட வேண்டும். கொண்டுவருபவர் அதனோடு ஒத்துப் பார்த்த பின்பே எடை போடுவது. கலந்த சரக்குக்கு ஒரு விலை, இனம் பிரித்த சரக்குக்கு அதிக விலை. ஆடுதின்னாப்பாளையின் மாதிரியையும் அருகிலேயே தொங்கவிட்டு, இது வாங்கப்படாது என்று எழுதி வைக்கலாம். பறிக்கும் பெண்களில் இருவர் மூவரை இப்பழக்கத்தில் தேர்ச்சி பெறச் செய்தால், குமாஸ்தாவைவிட அவர்கள் கண்ணே கூர்மையாக இருக்கும். வரப்பில் முளைத்ததையெல்லாம் வேரோடு எடுத்துவிடாமல், காய் முதிர்ந்த சில செடிகளை விட்டுவைத்தால் அடுத்த மழைக்கு விதை இருக்கும்.

கோணியில் மூலிகையின் பெயர், பறித்த ஊர், பறித்த மாதம் மூன்றும் எழுதப்பட வேண்டும். உலர்ந்த மூலிகை ஒரு வருஷத்திலும் பொடி இரண்டு மாதத்திலும் வீரியம் இழக்கும் என்பது சாரங்கதரர் கணக்கு. ஆதலின் சங்கத்தில் பொடி செய்து வைப்பது உசிதமன்று. சரக்காகவே விற்றுவிட வேண்டும். வருஷ முடிவில் இருப்பெடுக்கும்போது பன்னிரண்டு மாதம் கடந்த கோணி எதுவும் இருந்தால், அதன் விலையை நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டுச் சரக்கை எருக்குழியில் போடலாம்.