கேளையாடும் உயிர்வேலியும்

நுழையும்முன்

ஒரு நாட்டில் சட்டம் காக்கின்ற விலங்கின் உறவினத்தை மற்றொரு நாட்டில் சட்டத்தின் இசைவோடு வேட்டையாடுகின்றனர். இரு நாட்டிலும் நோக்கம் காட்டைக் காப்பதே. இது எவ்வாறு பொருந்தும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

குரைக்கும் மான்

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் நாய் குரைப்பது போன்ற ஒலி கேட்பதுண்டு. அவ்வாறு குரைப்பது நாயன்று. ஒரு சிறு மான். தமிழர் அதனைக் கேளையாடு என்பர். பெயரில் ஆடு என்னும் சொல் இருப்பினும் அது மானினமே. மலையாளத்தில் அது கேழமான், கன்னடத்தில் காடுகுரி, மராத்தியில் பேகர், இந்தியில் காக்கர். குமாவுன் மலைக்காடுகளில் திரிந்த ஜிம் கார்பெட், காக்கரின் குரைப்பொலி கொண்டு புலியின் நடமாட்டத்தை உய்த்துணர்ந்ததைத் தம் நூல்களில் எழுதியுள்ளார்.

இந்தியக் காட்டில் கேளையாட்டுக்கென ஓர் இடம் உண்டு. அது உதிர்ந்த நெல்லிக்கனிகளைத் தின்று, கொட்டைகளை வேறிடத்தில் உமிழ்ந்து விதை பரப்புகிறது. புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரையாகிறது. அதனால் அதன் தொகை அளவு மீறுவதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அதனை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது.

கடல் கடந்த உறவினம்

கேளையாட்டின் நெருங்கிய உறவினம் ஒன்று தென்கிழக்குச் சீனத்திலும் தைவானிலும் வாழ்கிறது. அதற்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் ரீவ்ஸ் மன்ட்ஜாக். கான்டன் நகரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைச் சோதனையாளராகப் பணியாற்றிய ஜான் ரீவ்ஸ் என்பவரின் நினைவாக அப்பெயர் அமைந்தது. மன்ட்ஜாக் என்பது ஜாவாத் தீவின் சுண்டா மொழியிலிருந்து வந்த சொல். தோள்வரை அரை மீட்டர் உயரமே உடைய இம்மான் 10 முதல் 18 கிலோ வரை எடையுள்ளது. கலைக்குக் குட்டையான கொம்புகளோடு, உதட்டுக்கு வெளியே நீண்டு தெரியும் கோரைப்பற்களும் உண்டு.

இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய காலத்தில், இங்கிலாந்தின் பெட்போர்டுஷயர் பகுதியிலுள்ள வோபர்ன் பூங்காவில் இவ்வின மான்களைப் பெட்போர்டு கோமகன் வளர்த்தார். அவற்றுள் சில தப்பி வெளியேறின, சில விடுவிக்கப்பட்டன. பின்னர் மனிதர் அவற்றை வேறு பல இடங்களுக்கும் கொண்டு சென்று விட்டனர். இன்று இங்கிலாந்தின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் அவை பரவியுள்ளன.

பெருக்கமும் இழப்பும்

புதிய நாட்டில் இம்மானை அடக்கும் பகை இல்லை. இங்கிலாந்தின் ஓநாய்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அழிந்தன. நரி குட்டிகளைக் கவரும். வளர்ந்த மானைப் பெரும்பாலும் கொல்வதில்லை. பிற மான்கள் ஆண்டில் குறிப்பிட்ட பருவத்தில் ஈனும். இம்மானோ எம்மாதத்திலும் ஈனும். அதன் கருக்காலம் ஏழு மாதம். ஈன்ற சில நாள்களிலேயே பிணை மீண்டும் கருவுறும்.

இதனால் முதலில் துன்புறுவது காடு. கேம்பிரிட்ஜ்ஷயரிலுள்ள மாங்க்ஸ் வுட் என்னும் காப்புக்காட்டில் மன்ட்ஜாக் பெருகியபோது, வேனிலின் தொடக்கத்தில் பூக்கும் புளூபெல் மலர்த்தண்டுகளை அவை பேரளவில் கடித்துத் தின்றதை ஆய்வாளர் பதிவு செய்தனர். வெட்டிய மரங்களின் அடியில் துளிர்க்கும் தளிர்களையும் அவை விட்டுவைப்பதில்லை. தாழ்ந்த புதர்கள் அழிந்தால், அவற்றுள் கூடு கட்டும் நைட்டிங்கேல் போன்ற பறவைகளும் இடம் பெயர்கின்றன.

வேளாண் நிலத்தில் பயிரிழப்பு பெரிய மான்களால் நேர்வதைவிடக் குறைவு. ஆயினும் புதிதாக நட்ட மரக்கன்றுகளும் காய்கறித் தோட்டங்களும் சேதமுறுகின்றன. மேலும், வயல்களைப் பிரிக்கும் உயிர்வேலிகளே இம்மானுக்கு வழிகளாகின்றன. ஒரு காட்டிலிருந்து மறு காட்டிற்கு அவ்வேலியின் மறைவிலேயே அது செல்கிறது. ஆகவே காட்டைக் காக்க விரும்புவோர் வயலிலும் அதன் தொகையைக் கட்டுப்படுத்த வேண்டியுள்ளது.

பதுங்கிச் செல்லும் முறை

இங்கிலாந்தில் இதற்குக் கையாளும் முறை பதுங்கி வேட்டையாடுதல். நாய்களை ஏவி விரட்டுவது இம்முறையன்று. பயிற்சி பெற்ற ஒருவர், பெரும்பாலும் தனியாக, ஓசையின்றி மானை நெருங்கி, உறுதியான ஒரே குண்டினால் வீழ்த்துவதே இதன் இலக்கணம்.

வேட்டைக்கு முன்பே வேலை தொடங்குகிறது. உயிர்வேலியின் அடியில் மான் நுழைந்து நுழைந்து உண்டான சிறு துளைகள், ஈர மண்ணில் பதிந்த மூன்று சென்டிமீட்டர் அளவிலான குளம்படிகள், கடிபட்ட முட்செடித் தளிர்கள் ஆகியவற்றை வேட்டையாளர் குறித்துக்கொள்கிறார். எந்த வயலில் ஆடுமாடுகள் மேய்கின்றன, எவ்வழியில் மக்கள் நடப்பர் என்பவற்றை உழவரிடம் கேட்டறிகிறார்.

விடியலும் அந்தியும் ஏற்ற வேளைகள். புதர்கள் இலையுதிர்ந்து நிற்கும் குளிர்காலத்தின் கடைப்பகுதி ஏற்ற பருவம். பயிர் உயர்ந்துவிட்டால் இச்சிறு மான் கண்ணுக்கே புலப்படாது. மானின் மோப்ப ஆற்றல் மிகக் கூரியது. ஆதலால் காற்று மானின் பக்கமிருந்து தம் முகத்தில் படுமாறு வேட்டையாளர் நடக்கிறார். சில அடிகள் நடந்து நின்று, தொலைநோக்கியால் வேலியோரத்தை ஆராய்ந்து, மீண்டும் சில அடிகள் நடக்கிறார். மன்ட்ஜாக் ஓரிடத்தில் நெடுநேரம் நிற்பதில்லை. தலையைத் தாழ்த்தி மேய்ந்துகொண்டே புதருக்குள் மறைந்துவிடும். காலைப்பொழுது முழுதும் நடந்தும் ஒரு குண்டுகூடச் சுடாமல் திரும்பும் நாள்கள் பல.

துப்பாக்கிக் குண்டு மானைக் கடந்து நெடுந்தொலைவு செல்லவல்லது. மானுக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் மண்மேடு இல்லையேல் சுடுதல் கூடாது. சமவெளி வயல்களில் இத்தகைய மேடு அரிது. அதனால் பலர் பரண் அமைத்து அதன்மீது காத்திருக்கின்றனர். மேலிருந்து சுடும் குண்டு கீழ்நோக்கிச் சென்று மண்ணில் புதையும். நம் நாட்டுக் குறவர் தினைப்புனத்தில் பரண் அமைத்தது கதிரைக் கொத்தும் கிளியை ஓட்டுதற்கு. இங்கிலாந்தின் வயலோரப் பரண் குண்டை மண்ணுக்குள் செலுத்துதற்கு உதவுகிறது.

எம்மானைச் சுடுவது?

இவ்வேட்டையில் மிகக் கடினமான வினா இதுவே. பிற மானினங்களுக்கு வேட்டை விலக்கப்பட்ட மாதங்களைச் சட்டம் வகுத்துள்ளது. அம்மாதங்களில் தாயும் குட்டியும் காக்கப்படுகின்றன. மன்ட்ஜாக் ஆண்டு முழுவதும் ஈனுவதால் இங்கிலாந்துச் சட்டம் அதற்கு அத்தகைய காலத்தை வகுக்கவில்லை. ஆகவே காக்கும் பொறுப்பு வேட்டையாளரிடமே வந்து சேர்கிறது.

தனியே மேயும் பிணை ஒன்று தென்படுகிறது எனக் கொள்வோம். அதன் மறி அருகிலுள்ள புதரில் ஒளிந்திருக்கலாம். பிறந்து ஏறத்தாழ இரண்டு மாதம் வரை மறி தாய்ப்பாலை நம்பி வாழ்கிறது. தாயைச் சுட்டால் அது பசியால் மெல்ல மெல்ல இறக்கும். வயிறு பருத்த சூல்பிணையோ ஏழு மாதக் கருவின் இறுதியை நெருங்கியது. அதன் முந்தைய மறி பால்குடி மறந்து பல மாதங்களாகியிருக்கும். எனவே பிணைகளுள், இன்னும் ஈனாத இளம்பிணையையோ முதிர்சூல் கொண்ட பிணையையோ மட்டும் சுடுமாறு மான் வல்லுநர் அறிவுறுத்துகின்றனர். சூல்பிணையைக் கொல்லும்போது கருவும் மடிகிறது என்பதை அவர்கள் மறைப்பதில்லை. அனாதையான மறி பட்டினியால் சாவதைவிட அது குறைந்த துன்பம் என்பதே அவர்கள் கருத்து. ஐயம் இருப்பின் துப்பாக்கியைத் தாழ்த்துவதே முறை.

சட்டமும் பொறுப்பும்

1991ஆம் ஆண்டின் மான் சட்டம் கண்ணி, நஞ்சு, அம்பு ஆகியவற்றை விலக்குகிறது. கதிரவன் மறைந்து ஒரு மணி நேரத்திற்குப் பின்னிருந்து, எழுவதற்கு ஒரு மணி நேரத்திற்கு முன்வரை, சிறப்பு இசைவின்றி மானைச் சுடுதல் குற்றம். நிலவுரிமையாளரின் ஒப்புதலும், துப்பாக்கிக்குக் காவல்துறையின் சான்றும் வேண்டும். துப்பாக்கியின் அளவும் குண்டின் ஆற்றலும்கூட வரையறுக்கப்பட்டுள்ளன. வலுக்குறைந்த குண்டு மானைக் கொல்லாமல் காயப்படுத்தும் என்பதே காரணம். அடிபட்ட மான் புதரில் மறைந்தால், பழகிய நாயின் உதவியால் அதனைத் தேடிக் கண்டறிதல் கடமை. வீழ்த்திய மானின் இறைச்சி நோய்க்குறி உண்டா எனச் சோதித்தபின் உணவாகிறது.

மன்ட்ஜாக் தானாகக் கடல் கடந்து வரவில்லை; மனிதர் அழகு கருதிக் கொணர்ந்தனர். அதனைக் காட்டில் விடுவது இன்று இங்கிலாந்தில் குற்றம். ஒரு நூற்றாண்டுக்கு முன் திறந்த பூங்காக் கதவுக்கான விலையைப் புளூபெல் மலர்களும் நைட்டிங்கேலும் அம்மானும் சேர்ந்தே செலுத்துகின்றன.

சொல்லும் பொருளும்

கலை – ஆண்மான்
பிணை – பெண்மான்
மறி – மான்குட்டி
சூல் – கருப்பம்
உயிர்வேலி – செடிகளை நெருக்கமாக வளர்த்து அமைக்கும் வேலி
உய்த்துணர்தல் – குறிப்பால் அறிதல்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. இந்தியக் காட்டில் கேளையாட்டின் தொகை அளவு மீறாமல் இருப்பது ஏன்?
2. வேட்டையாளர் காற்று தம் முகத்தில் படுமாறு நடப்பது எதற்காக?
3. சமவெளி வயலில் பரண் எவ்வாறு உதவுகிறது?

ஆ. விரிவாக விடை தருக.
4. மன்ட்ஜாக் மானுக்கு வேட்டை விலக்கப்பட்ட காலம் இல்லாததால் வேட்டையாளருக்கு ஏற்படும் பொறுப்பினை விளக்குக.

இ. கேட்டறிந்து எழுதுக.
5. நீங்கள் வாழும் மாநிலத்தில் கேளையாட்டிற்கு வழங்கும் பெயர் யாது? அப்பெயரின் பொருளை அண்டை வீட்டாரிடம் கேட்டு எழுதுக.