மாத்திரை வரிசை

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் என்றதும், காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து கொடுக்கும் இடம் என்றே நம்மில் பலர் எண்ணுகின்றோம். சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஒன்று என்னும் கணக்கில் இவை அமைந்த காலத்தில், தொற்றுநோய்த் தடுப்பும் தாய்சேய் நலமுமே தலையாய பணிகளாக இருந்தன.

இன்று தமிழகத்தின் எந்த ஊரிலும் காலை வேளையில் அந்த வரிசையைப் பாருங்கள். காய்ச்சல்காரர்கள் இல்லாமலில்லை. மழை பிறந்தால் டெங்குவும் எலிக்காய்ச்சலும் வரத்தான் செய்கின்றன. வயல் வேலையில் பாம்புக்கடியும் உண்டு. ஆயினும், கையில் நோட்டுடன் பொறுமையாக நிற்கும் முதியவர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை வாங்க வந்தவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென மதிப்பிட்டது. பட்டணத்து நோய் என்ற பெயரெல்லாம் பழங்கதை!

நோய் மாறினால் மருத்துவமனையை மதிப்பிடும் அளவுகோலும் மாறவேண்டுமல்லவா? காய்ச்சல்காரர் மூன்று நாளில் குணமாகிப் போய்விடுவார். இரத்த அழுத்தக்காரரோ ஆயுள் முழுதும் வரவேண்டியவர். 'இன்று இத்தனை பேரைப் பார்த்தோம்' என்ற கணக்கு இவருக்குப் பொருந்தாது. சென்ற மாதம் வந்தவர் இம்மாதமும் வந்தாரா, அவருடைய அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா என்பதே கேள்வி. உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றியதும் மாத்திரையை நிறுத்திவிட்டு, பக்கவாதத்தோடு திரும்புகின்றவர்கள் உண்டு.

மருந்து கிடைப்பதில் தமிழகம் முன்னமே வழிகண்டது. 1994-ல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் சேமிக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனையும் வங்கிக் கணக்குப் போன்ற ஒரு கையேட்டின்படி, தனக்கு ஒதுக்கிய தொகைக்குள் வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஒருநாள் கூலியை இழந்து வரிசையில் நிற்க இயலாதவர்களுக்கு இது பேருதவி.

ஆனால், நோய் இருப்பதையே அறியாதவர்களை யார் தேடுவது? ஒரு நிலையத்தில் கணவருக்காக மாத்திரை வாங்க மாதந்தோறும் வரும் மூதாட்டியைக் கண்டோம். "உங்களுக்குக் கடைசியாக எப்போது பார்த்தது?" என்று கேட்டார் செவிலியர்.

"எனக்கென்னம்மா, நான் நன்றாகத்தானே இருக்கிறேன்!"

கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தபோது அளவு 180-ஐத் தாண்டியிருந்தது. அன்றே அவர் பெயரிலும் ஒரு நோட்டுப் போடப்பட்டது.