தோல் சப்பாத்து நெடுநாள் உழைக்க



தோல் ஈரத்தை உறிஞ்சும். வியர்வையை உறிஞ்சிக் காலைக் காப்பதும் அக்குணமே. மழையில் ஊறிக் கெட்டுப்போவதும் அக்குணமே.

தோல் சப்பாத்து வாங்க மாலையில் செல்லுங்கள். நாள் முழுதும் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். அப்போது பொருந்துவதே வேலையிலும் பொருந்தும். விரல்களுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் வேண்டும். அடிப்பாகம் பசையால் ஒட்டியதா, தோல்பட்டி வைத்துத் தைத்ததா என்று கேளுங்கள். தைத்ததற்கு விலை கூடுதல்; ஆனால், தேய்ந்த அடியைப் பிரித்துப் புதிது தைக்கலாம்.

நனைந்துவிட்டால் அடுப்போரம் வைக்காதீர்கள், தோல் வெடித்துவிடும். சேற்றைத் துடைத்து, பழைய செய்தித்தாளை உள்ளே திணித்து, நிழலில் காற்றாட உலர்த்துங்கள். காய்ந்தபின் பாலிஷை மெல்லியதாகப் பூசுங்கள்.

குதிகால் ஒருபுறம் தேய்ந்தவுடனே சப்பாத்து தைப்பவரிடம் கொடுங்கள். தேய்மானம் தோல்பட்டி வரை போய்விட்டால் செலவு கூடும்.

இறுதியாக, மிக முக்கியமான ஒன்று. தோட்டத்தில் களைக்கொல்லி தெளிக்கும்போது தோல் சப்பாத்து கூடவே கூடாது. ஈரத்தைப் போலவே நஞ்சையும் தோல் உறிஞ்சும். கழுவினாலும் முழுதும் போகாது. மறுநாள் போட்டால் அந்த நஞ்சு காலில் படும். அவ்வேலைக்கு ரப்பர் பூட்ஸே ஏற்றது. காற்சட்டையின் கால் பூட்ஸுக்கு வெளியே தொங்கட்டும்; வழியும் மருந்து உள்ளே இறங்காது. நஞ்சில் நனைந்த தோல் சப்பாத்தை, என்ன விலைக்கு வாங்கியதாயினும், மீண்டும் போடாதீர்கள், பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள்.