பாம்பை எங்கே கொண்டுபோய் விடுவது?

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ராத்திரி. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய ஒரு தெருவில், வீட்டின் பின்பக்கம் தண்ணீர் மோட்டாரை மூடி வைத்திருந்த தகரப் பெட்டிக்குள் நல்லபாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. மோட்டார் போடப் போன அந்த வீட்டு மருமகள் சீறல் கேட்டுப் பதறி ஓடிவந்திருக்கிறார். இந்தக் கட்டுரைக்காகப் பாம்பு பிடிக்கும் இளைஞர் ஒருவரோடு சில நாள்களாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவருக்கு அழைப்பு வந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவே திரண்டிருந்தது. ஒருவர் கையில் கடப்பாரை. இன்னொருவர் மண்ணெண்ணெய் டப்பாவோடு நின்றார்.

இளைஞர் முதலில் செய்த வேலை, கூட்டத்தைப் பத்தடி பின்னால் தள்ளியது. ஒருவரிடம் மட்டும் டார்ச்சைக் கொடுத்து, அசைக்காமல் பிடிக்கச் சொன்னார். தன் பையிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்றே நீளமான கறுப்பு பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். அதன் ஒரு முனையில் தடித்த துணிப்பையின் வாயைச் செருகி இறுக்கிக் கட்டினார். சுவரோரமாகக் குழாயைக் கிடத்தி, அதன் திறந்த வாய் தகரப் பெட்டியைப் பார்த்திருக்கும்படி வைத்தார். பிறகு நீண்ட கம்பிக் கொக்கியால் பெட்டியை மெதுவாகத் தூக்கினார்.

பாம்பு படமெடுத்தது. அவர் நகரவில்லை. அசைவைத்தான் பாம்பு எளிதில் கவனிக்கும். அரை நிமிடம் போனதும் படம் சுருங்கியது. தலை தரையில் படிந்தது. சுவரை ஒட்டியே நகர்ந்து, நாக்கை நீட்டி நீட்டிக் குழாயின் விளிம்பைத் தடவிப் பார்த்தது. வெளிச்சமும் ஆள் அரவமும் இல்லாத இருட்டுப் பொந்து. தலை நுழைந்தது. உடல் முழுக்க வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அவர் குழாயை நிமிர்த்தி, பாம்பு பைக்குள் இறங்கியதும் பையின் கழுத்தை முறுக்கி முடிச்சுப் போட்டார். பாம்பின் மேல் அவர் விரல்கூடப் படவில்லை. எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி கேட்டார்: "தம்பி, இதை எங்க கொண்டுபோய் விடுவீங்க?"

"பக்கத்துலதான் பாட்டி. சதுப்பு ஓரமா, புதர் இருக்கிற இடத்துல."

"ஐயையோ, பக்கத்துலயா? திரும்பி வந்துடாதா?"

பாட்டியின் கேள்வி நம் எல்லோருடைய கேள்வியும்தான். பாம்பை அடிக்காமல் ஆளைக் கூப்பிடும் பழக்கம் இன்று தமிழ்நாட்டில் வளர்ந்திருக்கிறது. பெரிய மாற்றம் அது. ஆனால், பிடித்த பாம்பு எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நிம்மதி என்று நினைக்கிறோம். அந்த நிம்மதிக்குப் பாம்பு தன் உயிரையே விலையாகக் கொடுக்க நேர்கிறது என்பதுதான் நான் சொல்லவந்த விஷயம்.

தூரம் என்னும் தண்டனை

ஒரு நல்லபாம்புக்கோ சாரைக்கோ தன் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். எந்த வளையில் எலி இருக்கும், வெயில் ஏறினால் எந்தக் கல்லடியில் ஒதுங்கலாம், கீரி வந்தால் எந்தப் பொந்துக்குள் நுழையலாம் என்பதெல்லாம் அது ஊர்ந்து ஊர்ந்து கற்றுக்கொண்டவை. முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு காப்புக்காட்டில் விட்டால் அத்தனையும் ஒரே நாளில் பறிபோகிறது. காடு பாம்புக்கு நல்ல இடம்தானே என்று தோன்றும். ஊர்ப்புறத்து வயலிலும் வைக்கோல்போரிலும் வளர்ந்த பாம்புக்கு அந்தக் காடு முன்பின் தெரியாத ஊர். மறைவிடம் தேடிப் பகலிலும் அலையும். சாலையைக் கடக்கும், பருந்தின் கண்ணில் படும், இன்னொரு வீட்டுக்குள் நுழையும்.

பாம்புகளின் உடலில் ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வுகள் இதையே காட்டுகின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா காடுகளில் கிலுகிலுப்பை விரியன்களைக் கண்காணித்து 1999-இல் வெளியான ஆய்வு இத்துறையில் பெரிதும் பேசப்படுவது. வேறிடத்திலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பாம்புகள் உள்ளூர்ப் பாம்புகளைவிடப் பல மடங்கு அலைந்தன. செத்துப்போனவையும் அவற்றில்தான் அதிகம். கர்நாடகத்தின் ஆகும்பேயில் ராஜநாகத்தைப் பின்தொடர்ந்தவர்களும், இடம் மாற்றி விடப்பட்ட பாம்பு வழக்கத்தைவிட வெகுதூரம் அலைவதைப் பார்த்திருக்கிறார்கள்.

நமக்கும் இதில் நஷ்டம் உண்டு. தோட்டத்துச் சாரையைப் பிடித்து அனுப்பிவிட்டால் அது தின்றுகொண்டிருந்த எலிகள் பெருகும். எலி பெருகிய இடத்துக்கு இன்னொரு பாம்பு வரும். அது நல்லபாம்பாகவும் இருக்கலாம்.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், பிடித்த இடத்துக்கு மிக அருகில் உள்ள பொருத்தமான புதரிலோ ஏரிக்கரையிலோ விடுகிறார்கள். கூடுமானவரை அன்றைக்கே விடுகிறார்கள். கட்டுவிரியன் போல இரவில் திரிபவற்றை இருட்டியபின், சாரை போலப் பகலில் திரிபவற்றை வெயில் ஏறுமுன். பல பாம்புகளை ஒரே பையிலோ பெட்டியிலோ சேர்த்து வைத்திருந்து, வாரக் கடைசியில் மொத்தமாக ஒரு காட்டில் கொண்டுபோய்க் கொட்டுவதைப் பாம்பைக் காப்பாற்றுவதாகச் சொல்ல முடியாது.

கையில் தூக்கிக் காட்டுவது வீரமா?

வாலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு, இன்னொரு கையில் கைப்பேசியை நீட்டிப் படம் எடுப்பவர்களை அடிக்கடி பார்க்கிறோம். அப்படித் தொங்கவிட்டால் பாம்பின் முதுகெலும்பு பாதிக்கப்படும். இடுக்கியால் நெரித்தால் விலா எலும்பு நொறுங்கும். அது உயிரோடு ஊர்ந்து போவதைப் பார்த்து நாம் கைதட்டுவோம். உள்காயத்தோடு நாலு நாள் கழித்துப் புதருக்குள் சாவதை யாரும் பார்ப்பதில்லை. தலையைக் கம்பால் அழுத்திக் கழுத்தைப் பிடிப்பதும் இதே கணக்குதான். பிடிப்பவருக்குக் கடி விழும் ஆபத்தும் அப்போது அதிகம்.

கேரளத்தின் புகழ்பெற்ற பாம்பு பிடிப்பாளர் வாவா சுரேஷ் 2022 ஜனவரியில் கோட்டயம் மாவட்டத்தில், பிடித்த நல்லபாம்பைச் சாக்குக்குள் விடும் நேரத்தில் கடிபட்டு, உயிருக்குப் போராடி மீண்டார். பல்லாண்டு அனுபவம் உள்ளவருக்கே அந்த நிலை. பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவர்கள்தான் பாம்பு பிடிக்க வேண்டும் என்று கேரள வனத்துறை விதி வகுத்திருக்கிறது. அருகில் உள்ள பயிற்சி பெற்றவரை மக்கள் அழைப்பதற்காக 'சர்ப்பா' என்ற செயலியையும் நடத்துகிறது. இந்தியா முழுவதற்கும் பொருந்தும் சட்டம் 1972-இன் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம். அதன் பாதுகாப்பில் உள்ள பாம்புகளைக் கொல்வதோடு, அனுமதியின்றிப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

இருளர்கள் காட்டிய வழி

பாம்பைப் பிடித்து, மறுபடி மண்ணிலேயே விடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஒருகாலத்தில், பாம்பு பிடிப்பதில் தேர்ந்த பழங்குடிகளான இருளர் மக்கள் பிடித்த பாம்புகள் தோலுக்காகக் கொல்லப்பட்டன. அந்தத் தோல் கடல் கடந்து கைப்பைகளாகவும் காலணிகளாகவும் மாறியது. 1972 சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையும் அந்த வியாபாரத்தை நிறுத்தின. பிழைப்பு போன இருளர்களுக்காக, சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேகரின் முயற்சியில் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்குள் பிடித்துவரும் பாம்புகளைத் துணி கட்டிய மண்பானைகளில் சில வாரம் வைத்திருக்கிறார்கள். இடைவெளி விட்டு நஞ்சு எடுத்தபின், வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிக் காட்டில் விடுகிறார்கள். அடுத்த முறை அதே பாம்பு கையில் சிக்கினால் அடையாளத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும் என்பதற்காக. நம் மருத்துவமனைகளின் நஞ்சுமுறி மருந்து பெரும்பாலும் அந்த நஞ்சிலிருந்துதான் தயாராகிறது.

இந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தே பாம்பு எந்த வளையில் இருக்கிறது என்று சொல்லிவிடும் இவர்களை, 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாகாணம் அழைத்தது. அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளில் பதின்மூன்றை ஒரு வாரத்துக்குச் சற்றே அதிகமான நாள்களில் பிடித்துக் கொடுத்தார்கள்.

எது எந்தப் பாம்பு?

நம் பக்கத்தில் உயிரைப் பறிக்கும் கடிகளுக்குப் பெரும்பாலும் காரணம் நான்கு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். வீட்டுப் பக்கம் வந்து அடிபட்டுச் சாகும் பாம்புகளில் பல இந்த நான்கில் சேராதவை. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் புகை வருகிறதா என்று பார்க்கும் என்பார்கள். அதனால் மனிதருக்கு ஒரு ஆபத்தும் இல்லை. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும் வெறும் பேச்சு. 'இருதலை' என்று விலை பேசிக் கடத்தப்படும் மண்ணுளிப் பாம்புக்கு ஒரே ஒரு தலைதான்.

குழப்பம் எங்கே ஆபத்தாகிறது என்றால், நஞ்சில்லாத வரையன் பாம்பையும் கட்டுவிரியனையும் பார்க்கும்போது. இரண்டுக்கும் உடம்பில் வெள்ளைக் கோடுகள். வரையனுக்குக் கோடுகள் கழுத்துப் பக்கம் அழுத்தமாகத் தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குக் கழுத்துப் பக்கம் மங்கலாகவோ இல்லாமலோ இருந்து, வால் பக்கம் தெளிவாகும். அவசரத்தில், அரை இருட்டில் இது யாருக்கும் பிடிபடாது. எனவே தெரியாத பாம்பு எதுவானாலும் நஞ்சுள்ளது என்றே எண்ணி விலகி நில்லுங்கள்.

பாம்பைப் பார்த்தால்...

• குழந்தைகளையும் நாயையும் வீட்டுக்குள் அனுப்புங்கள். பத்தடி தள்ளி நின்று, ஒருவர் மட்டும் பாம்பின் மேல் ஒரு கண் வைத்திருங்கள்.

• தோட்டத்தில் என்றால் வழி விடுங்கள். பெரும்பாலும் தானே போய்விடும். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

• அறைக்குள் என்றால் கதவைச் சாத்தி, அடியில் உள்ள இடைவெளியைத் துணியால் அடைத்துவிட்டுத் தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழையுங்கள்.

• மண்ணெண்ணெய், பினாயில், பூண்டு, உப்பு எதையும் கொட்டாதீர்கள். இவை பாம்பை விரட்டும் என்று நம்ப முடியாது. பாம்பின் உடம்பில் பட்டால் அதற்கு வேதனை.

• கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.

ஒரு மரணமும் ஒரு கொசுவலையும்

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். தமிழ்நாடு அரசு 2024-இல் பாம்புக்கடியை, கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்தது. பாம்புக்காகப் பேசும் யாரும் இந்த மரணங்களை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை. தரையில் பாய் விரித்துத் தூங்கியவர் விடிகாலையில் வயிற்றுவலியோடு எழுந்து, கண் இமை தொங்கிய பிறகுதான் வீட்டில் சந்தேகம் வரும். கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் செருகிக்கொள்வதும், ராத்திரி வெளியே போகையில் டார்ச் அடித்துப் போவதும் ஊர் முழுக்கப் பாம்பு பிடிப்பதைவிட அதிக உயிர்களைக் காக்கும்.

வீட்டைச் சுற்றியும் வேலை இருக்கிறது. சுவரோரம் குவித்த செங்கல், ஓடு, தென்னை மட்டை இவைதான் எலிக்கும் பாம்புக்கும் நாமே கட்டிக் கொடுத்த வீடு. விறகை மேடை போட்டுச் சுவரைவிட்டுத் தள்ளி அடுக்கலாம். தண்ணீர் போகும் துளைகளுக்குக் கம்பிவலை அடிக்கலாம். ஷூவைத் தட்டிவிட்டுப் போடலாம். தோட்டத்தைச் சுற்றிப் பழைய மீன்வலை கட்டுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த இளைஞரோடு போன இன்னொரு நாளில், அப்படியொரு வலையில் சிக்கிய சாரையைப் பார்த்தேன். முன்னே போக முயன்று முயன்று நைலான் இழைகள் செதிலுக்கு அடியில் இறங்கியிருந்தன. சிறு கத்தரிக்கோலால் ஒவ்வோர் இழையாக அவர் வெட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

பாட்டிக்குக் கிடைத்த பதில்

அன்று ராத்திரி அந்தத் தெருமுனையிலிருந்து சற்றுத் தொலைவில், வீடுகள் முடிந்து நாணல் தொடங்கும் இடத்துக்குப் போனோம். ஒருகாலத்தில் பரந்து கிடந்த பள்ளிக்கரணை சதுப்பில் சிறு பகுதிதான் இன்று மிஞ்சியிருக்கிறது. பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ராம்சார் அங்கீகாரம் 2022-இல் அதற்குக் கிடைத்தது. அந்தத் தெருவும்கூட முன்பு பாம்புகள் ஊர்ந்த நிலமாகவே இருந்திருக்கும். அவர் பையைத் தரையில் கிடத்தி, கொக்கியால் முடிச்சை நெகிழ்த்திவிட்டுப் பின்னால் வந்து நின்றார். சிறிது நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு புல் மட்டும் அசைந்தது.

மறுநாள் காலை அந்த வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் மோட்டாரை ஒட்டிக் கிடந்த உடைந்த செங்கல் குவியலைப் பாட்டி ஆள் வைத்து அள்ளிக்கொண்டிருந்தார். பெட்டிக்கு அடியில் இருந்த எலி வளையைச் சிமென்ட் குழைத்து அடைத்தாகிவிட்டது. "அந்தத் தம்பி சொல்லிட்டுப் போச்சு" என்றார். "பாம்பு நம்மளத் தேடி வரலையாம், எலியைத் தேடித்தான் வந்துச்சாம். இனிமே வந்தா வரட்டும். தங்க இடமில்லைன்னா அதுவே போயிடும்."