கார் விற்பனையகக் கூடுதல் திட்டங்களை ரத்து செய்தல் (ஐக்கிய அமெரிக்கா)

கூடுதல் திட்டங்கள் என்பவை, ஐக்கிய அமெரிக்காவில் கார் வாங்குவோருக்கு விற்பனையகங்கள் காரின் விலைக்கு மேல் தனியாக விற்கும் ஒப்பந்தங்களும் காப்பீடுகளும் ஆகும். இவற்றின் விலை பெரும்பாலும் கார்க் கடனுடன் சேர்க்கப்படுவதால், வாங்கியவர் அதற்கும் பல ஆண்டுகள் வட்டி கட்டுகிறார். கையொப்பமிட்டபின் ஒன்றும் செய்ய இயலாது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இவற்றுள் பலவற்றை இடையில் ரத்து செய்து, எஞ்சிய காலத்துக்குரிய பணத்தைத் திரும்பப் பெறலாம். ஆனால் கேட்காமல் அப்பணம் வருவது அரிது.

வகைகள்

• பழுதுபார்ப்பு ஒப்பந்தம்: இது "நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம்" என்ற பெயரில் விற்கப்படுகிறது. உத்தரவாதம் காரின் விலையிலேயே அடங்கியது. இதற்கோ தனி விலை உண்டு. 1975 ஆம் ஆண்டின் மாக்னுசன்–மாஸ் உத்தரவாதச் சட்டம் இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறது.
• கேப் காப்பு: கார் திருடு போனாலோ முற்றிலும் சேதமடைந்தாலோ, காப்பீட்டு நிறுவனம் தரும் தொகைக்கும் மீதிக் கடனுக்கும் உள்ள வேறுபாட்டை ஈடுசெய்வது.
• கடன் ஆயுள் காப்பீடு: கடன் பெற்றவர் இறந்தால் மீதிக் கடனைக் கட்டுவது.
• செய்து முடித்த வேலைகள்: கண்ணாடியில் அடையாள எண் பொறித்தல், வண்ணத்தின் மேல் பாதுகாப்புப் பூச்சு போன்றவை. இவற்றுக்குப் பொதுவாகப் பணம் திரும்பக் கிடைப்பதில்லை.

கால வரம்பு

எதை வாங்கினாலும் மூன்று நாளில் திருப்பித் தரலாம் என்பது பரவலான தவறான கருத்து. கூட்டாட்சி வணிக ஆணையத்தின் மூன்று நாள் விதி, வீட்டுக்கு வந்து விற்பது போன்ற விற்பனைகளுக்கே உரியது. விற்பனையகத்தில் வாங்கும் காருக்குப் பொருந்தாது.

கூடுதல் திட்டங்களுக்கான கால வரம்பு ஒப்பந்தத்திலும் மாநிலச் சட்டத்திலும் உள்ளது. பல ஒப்பந்தங்களில் முதல் 30 அல்லது 60 நாட்களுக்குள், இழப்பீடு எதுவும் கோரியிராவிட்டால், முழுப் பணமும் கிடைக்கும். அதன்பின் எஞ்சிய காலத்துக்கு ஏற்பத் தொகை குறையும்.

கணக்கிடும் முறை

48 மாத ஒப்பந்தம் ஒன்றின் விலை 2,400 டாலர் எனக் கொள்வோம். 12 மாதம் கழிந்தபின் ரத்து செய்தால் 36 மாதம் மீதியுள்ளது. எனவே திரும்ப வேண்டியது 1,800 டாலர். ரத்துக் கட்டணம் 25 டாலர் எனில் கைக்கு வருவது 1,775 டாலர். சில ஒப்பந்தங்களில் கார் ஓடிய மைல்களும் கணக்கில் கொள்ளப்படும்.

செய்ய வேண்டியவை

1. ஒப்பந்தத்தில் "ரத்து" பற்றிய பகுதியையும், திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் பெயரையும் பார்க்க வேண்டும். பல வேளைகளில் அது விற்பனையகம் அன்று, வேறொரு நிறுவனம்.
2. ஒப்பந்த எண், காரின் அடையாள எண், ஓடிய மைல் அளவு, தேதி ஆகியவற்றுடன் கையொப்பமிட்ட கடிதத்தை இரு இடங்களுக்கும் அனுப்ப வேண்டும். வாய்மொழியாகச் சொல்வது போதாது.
3. பதிவுத் தபாலில் அனுப்பி, நகலையும் ஒப்புகைச் சீட்டையும் வைத்துக்கொள்ள வேண்டும்.
4. பதில் வராவிட்டால், மாநிலக் காப்பீட்டுத் துறையிடமோ மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்திடமோ முறையிடலாம்.

பணம் யாருக்குச் செல்லும்

கடன் நிலுவையில் இருந்தால், பணம் பொதுவாகக் கடன் கொடுத்த நிறுவனத்துக்குச் சென்று அசலில் கழிக்கப்படும். மாதத் தவணை பொதுவாகக் குறையாது. கடன் முன்னதாக முடியும். இதை அறியாதவர்கள் பணம் வரவில்லை என்று கருதுவதுண்டு. எனவே கடன் கணக்கில் அத்தொகை வரவு வைக்கப்பட்டதா என்று சரிபார்க்க வேண்டும். கடன் முன்பே தீர்ந்திருந்தால் பணம் வாங்கியவருக்கே வரும்.

தடைகள்

2023 நவம்பரில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புச் செயலகம், டொயோட்டா மோட்டார் கிரெடிட் நிறுவனம் 6 கோடி டாலர் செலுத்த வேண்டும் எனக் கட்டளையிட்டது. ரத்து செய்ய அழைத்தவர்கள், மூன்று முறை கேட்கும் வரை திட்டத்தைத் தொடரும்படி வற்புறுத்தப்பட்டனர் என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. அக்கட்டளை 2025 இல் முன்கூட்டியே விலக்கிக்கொள்ளப்பட்டது.

கவனிக்க வேண்டியவை

காரின் இன்றைய மதிப்பைவிட மீதிக் கடன் கூடுதலாக இருக்கும்போது கேப் காப்பை ரத்து செய்தால், விபத்து நேர்ந்தால் அந்த வேறுபாட்டைக் கடன் பெற்றவரே சுமக்க நேரிடும். மறுபுறம், காரை விற்றபோதோ கடனை முன்னதாக அடைத்தபோதோ கேப் காப்பால் பயன் இல்லை. பலர் பணத்தைக் கோர மறப்பது அந்த வேளையில்தான்.