எஞ்சினின் காவலாளிகள் ஏன் சீக்கிரம் களைத்துப் போகின்றன?

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குச் செல்லும் பேருந்தில் நீங்கள் பயணம் செய்திருக்கிறீர்களா? கச்சிராயபாளையத்தையும் கோமுகி அணையையும் கடந்ததும் கல்வராயன் மலைப்பாதை தொடங்கிவிடும். ஓட்டுநர் கியரைக் குறைப்பார். வண்டி மெதுவாகத்தான் ஊர்ந்து செல்லும். ஆனால் எஞ்சின் முழு மூச்சுடன் உறுமும். மேலே போய்ச் சேரும்போது எஞ்சின் பக்கம் கையை நீட்டவே முடியாது. அவ்வளவு அனல்!

மலையேறும் சிறிது நேரத்திற்குள் இவ்வளவு சூடு என்றால், ஓடும் நேரமெல்லாம் இப்படிக் கடுமையாக உழைக்கும் எஞ்சினின் கதி என்ன? ஸ்போர்ட்ஸ் கார்களின் நிலை இதுதான். அவற்றில் பிஸ்டனும் உருளையும் தாக்குப்பிடிக்கும். விரல் அளவே உள்ள சென்சார்கள், அதாவது உணரிகள், முதலில் பழுதாகிவிடும். இது ஏன் என்று காண்போம்.

உணரி என்ன செய்கிறது?

இன்றைய எஞ்சினை ஒரு சிறு கணிப்பொறி இயக்குகிறது. அதற்குக் கண்ணும் காதும் உணரிகளே. எடுத்துக்காட்டாக, ஆக்சிஜன் உணரியைப் பார்ப்போம். இது 1976-இல் வால்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. சிர்கோனியா என்ற பீங்கான் பொருளே இதன் உயிர்நாடி. அதன் ஒரு பக்கம் எஞ்சினின் புகையும், மறுபக்கம் வெளிக்காற்றும் படுகின்றன. சுமார் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறியதும் ஆக்சிஜன் அயனிகள் அதனுள் நகரத் தொடங்கும். இரு பக்கங்களிலும் உள்ள ஆக்சிஜன் அளவின் வேறுபாட்டிற்கேற்ப மின்னழுத்தம் தோன்றும். பெட்ரோல் குறைந்தால் ஏறத்தாழ 0.1 வோல்ட், மிகுந்தால் 0.9 வோல்ட். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கணக்கைக் கணிப்பொறி சரிசெய்வது உணரியின் சொல்லைக் கேட்டுத்தான்.

நான்கு எதிரிகள்

முதல் எதிரி வெப்பம். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ஒரு பந்தயத் தடம் உள்ளது. இத்தகைய தடத்தில் முழு வேகத்தில் ஓடும் காரின் புகை 900 டிகிரியைத் தாண்டக்கூடும். ஓட்டம் நின்ற பிறகும் ஆபத்து தீர்வதில்லை. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிறதல்லவா? அதுபோல, குளிர்நீரும் காற்றும் ஓடாமல் நின்றதும் எஞ்சினில் தேங்கிய வெப்பம் சுற்றிலும் பரவும். ஸ்போர்ட்ஸ் காரில் எல்லாப் பாகங்களும் நெருக்கி அடைக்கப்பட்டிருப்பதால் அனல் வெளியேற வழி குறைவு. பொதுவாக, வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். ஆகவே, உணரியின் பிளாஸ்டிக் உறையும் ஒயரின் மேலுறையும் விரைவில் மூப்படைகின்றன.

இரண்டாவது எதிரி, சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வருவது. உலோகமும் பீங்கானும் ஒரே அளவில் விரிவதில்லை. ஆகவே இரண்டும் சேருமிடத்தில் இழுபறி உண்டாகி, நுண்ணிய விரிசல் விழுகிறது. எரியும் அரிக்கேன் விளக்கின் சிம்னியில் ஒரு துளி நீர் பட்டால் என்ன ஆகும்? சூடான உணரியில் நீர்த்துளி பட்டாலும் அதே கதிதான்.

மூன்றாவது எதிரி அதிர்வு. நிமிடத்திற்கு 8000 சுற்று என்றால், நொடிக்கு 133 சுற்று! இந்த அதிர்வு உணரியின் பற்றவைப்புகளையும் மெல்லிய கம்பிகளையும் ஓயாமல் ஆட்டுகிறது. ஒரு மெல்லிய கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்துப் பாருங்கள், கடைசியில் ஒடிந்துவிடும். இதுவே உலோகச் சோர்வு.

நான்காவது எதிரி நஞ்சு. ஒரு காலத்தில் பெட்ரோலில் கலந்த ஈயம் ஆக்சிஜன் உணரியைக் கெடுத்தது. இந்தியாவில் 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது. ஆனாலும், எஞ்சினுக்குள் கசிந்து எரியும் ஆயிலிலுள்ள பாஸ்பரஸ் உணரியின் மேல் படிகிறது. முழு வேகத்தில் எஞ்சினைக் குளிர்விக்கக் கூடுதலாகச் செலுத்தப்படும் பெட்ரோல் கரியாகவும் படிகிறது.

பொய் சொல்லும் காவலாளி

முற்றிலும் செத்துப்போன உணரியைக் கணிப்பொறி எளிதில் கண்டுபிடித்து எச்சரிக்கை விளக்கை எரியவிடும். பாதி கெட்ட உணரியோ பொய்த் தகவல் தந்துகொண்டே இருக்கும். அதை நம்பிக் கணிப்பொறி பெட்ரோலை அதிகமாக்கினால், புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கியே அளவு மீறிச் சூடேறி உருகக்கூடும்.

நல்ல உணரியும் ஏமாறுவதுண்டு. மலைப்பாதையில் குளிர்நீர் கசிந்து குறைந்துவிட்டால், வெப்ப உணரியின் முனை நீரில் படாமல் ஆவியில் தொங்கும். எஞ்சின் கொதித்துக் கொண்டிருக்க, முள் சூட்டைக் குறைத்துக் காட்டக்கூடும்! இங்கே புதிய உணரி வாங்கி மாட்டிப் பயனில்லை. கசிவை அடைக்க வேண்டும். ஆயில் எரியும் எஞ்சினில் ஆக்சிஜன் உணரியை எத்தனை முறை மாற்றினாலும் அத்தனையும் கெடும். நோய் வேறிடத்தில் இருக்க, செய்தி சொன்னவனைத் தண்டிப்பானேன்?

பந்தய ஓட்டுநர்கள் ஓட்டம் முடிந்ததும் ஒரு சுற்று மெதுவாக ஓட்டுவது எஞ்சினைக் குளிரவைக்கத்தான். மலையேறி வந்த வண்டியையும் நிறுத்தியவுடன் அணைக்காமல், ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிடுவது நல்லது. அடுத்த முறை வெள்ளிமலையில் இறங்கும்போது, ஓட்டுநர் எஞ்சினை எப்போது அணைக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள்!