ஓய்வின் துணுக்குகளும் விளையாட்டும்: நேர மேலாண்மை, பொருள் தேடல் கணினி விளையாட்டுகள் – பாவூர்சத்திர வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

கணினியிலும் கைப்பேசியிலும் ஆடப்படும் எளிய விளையாட்டுகளுள் நேர மேலாண்மை விளையாட்டு, பொருள் தேடல் விளையாட்டு என்னும் இரண்டும் பெண்களிடையே பெரிதும் பரவியவை. இவற்றை மரபு விளையாட்டுகளுக்கு எதிர்நிலையில் வைத்துப் பேசுவதே தமிழில் பெருவழக்கு. இக்கட்டுரை அவ்வழக்கிலிருந்து விலகி, தட்டாங்கல், கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் ஆகிய விளையாட்டுகளோடு இவற்றின் அமைப்பை ஒப்பிடுகிறது. தென்காசி மாவட்டம் பாவூர்சத்திர வட்டாரத்துப் பெண்களின் உழைப்புச் சூழலை முன்வைத்து, பழையது, புதியது என்னும் வேறுபாட்டைவிட, ஆடுபவருக்குக் காலத்தின் மீதும் சொல்லின் மீதும் உள்ள உரிமையே முதன்மையானது என நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: எளிய கணினி விளையாட்டு, நேர மேலாண்மை, பொருள் தேடல், தட்டாங்கல், கிச்சுக்கிச்சுத் தாம்பாளம், வட்டாரச் சொல், ஓய்வு.

முன்னுரை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகைக்குரிய நான்கு நிலைக்களன்களுள் ஒன்றாக விளையாட்டைச் சுட்டுகிறது. செல்வம், புலன், புணர்வு என்பவற்றோடு விளையாட்டையும் ஒருங்கு வைத்து எண்ணிய மரபு அது. ஆயினும் தமிழாய்வில் விளையாட்டு பெரும்பாலும் நாட்டார் வழக்காற்றியலின் ஒரு கிளையாக, மறைந்துவருவனவற்றின் பட்டியலாகவே இடம்பெற்று வருகிறது. அப்பட்டியலின் இறுதியில், மறைவுக்குக் காரணமாகக் கணினி விளையாட்டு ஒரு தொடரில் குறிக்கப்படும். அவ்விளையாட்டின் அமைப்பு எத்தகையது, அதனை ஆடுவோர் யார், எப்பொழுது ஆடுகின்றனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

விளையாட்டை ஆடுவோராலும் பொழுதாலும் வகைப்படுத்தும் முறை தமிழுக்குப் புதிதன்று. இன்றைய தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த சங்கரன்கோவிலில் 1902இல் பிறந்த ஞா. தேவநேயப் பாவாணர், தமிழ்நாட்டு விளையாட்டுகள் என்னும் தம் நூலில் விளையாட்டுகளை ஆண்பால், பெண்பால், இருபால் எனவும், பகலாட்டு, இரவாட்டு எனவும் பகுத்துள்ளார். யார், எப்பொழுது என்னும் அவ்விரு வினாக்களையே இக்கட்டுரை கணினி விளையாட்டின் முன் வைக்கிறது.

இருவகை விளையாட்டுகளின் அமைப்பு

நேர மேலாண்மை விளையாட்டுக்கு முன்மாதிரியாக அமைந்தது நியூயார்க்கின் கேம்லேப் நிறுவனம் 2000களின் முற்பகுதியில் உருவாக்கிய டைனர் டாஷ். அலுவலக வேலையை விட்டுவிட்டுச் சிற்றுண்டிச் சாலை நடத்தும் ஃப்ளோ என்னும் பெண் இதன் தலைவி. வருவோரை மேசையில் அமர்த்துதல், கேட்பதைக் குறித்தல், உணவைக் கொண்டு சேர்த்தல், கணக்கு முடித்தல், தட்டுகளை அகற்றுதல் என்னும் செயல்களை ஆடுபவர் வரிசைப்படுத்த வேண்டும். வாடிக்கையாளரின் பொறுமை இதயக் குறிகளாகக் காட்டப்படும். தாமதம் கூடக்கூட அவை குறையும். ஒரே வகைச் செயல்களைத் தொடர்ந்து செய்தால் கூடுதல் மதிப்பெண் கிட்டும். ஆகவே விரைவைக் காட்டிலும் வரிசையே இங்குத் திறமாகிறது.

பொருள் தேடல் விளையாட்டு அச்சுப் படப்புத்தகத்திலிருந்து கிளைத்தது. மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்டு 1987இல் வெளியிட்ட 'வேர்ஸ் வாலி' என்னும் படநூல் இதற்கு நன்கறிந்த முன்னோடி. பிக் ஃபிஷ் கேம்ஸ் நிறுவனத்தின் 'மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ்: ஹன்ட்ஸ்வில்' (2005) கணினியில் இவ்வகையைப் பரவலாக்கியது. பொருள்கள் செறிந்த ஒரு படம் திரையில் விரியும். அருகில் ஒரு சொற்பட்டியல் தோன்றும். பட்டியலிலுள்ள பொருளைப் படத்தில் கண்டு சுட்ட வேண்டும்.

காட்சித் தேடல் குறித்து ஆன் டிரெய்ஸ்மன், கேரி கெலாட் ஆகியோர் 1980இல் முன்வைத்த கோட்பாடு இதன் இயக்கத்தை விளக்கவல்லது. பச்சைப் புள்ளிகளிடையே உள்ள ஒற்றைச் சிவப்புப் புள்ளி, சுற்றியுள்ளவை எத்தனையாயினும் உடனே கண்ணில் படும். நிறம், வடிவம் என இரு பண்புகள் சேர்ந்தே அடையாளமாகும் பொருளையோ ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேட வேண்டியுள்ளது; சுற்றியுள்ளவை மிகுந்தால் தேடும் நேரமும் மிகும். பொருள் தேடல் விளையாட்டின் ஓவியர் இந்த இரண்டாம் நிலையையே உருவாக்குகிறார். பழுப்புச் சுவரில் பழுப்புச் சாவியையும், கிளைகளிடையே கத்தரிக்கோலையும் வைப்பது இதனாலேயே.

தட்டாங்கல்: தானே வகுக்கும் காலம்

நேர மேலாண்மையின் கருவைத் தமிழ்ப் பெண்கள் நெடுங்காலமாக அறிவர். சங்க இலக்கியத்தில் கழங்கு மகளிர் விளையாட்டாகவும் வேலன் குறிபார்க்கும் கருவியாகவும் காட்சி தருகிறது. அதன் தொடர்ச்சியாகக் கருதத்தக்க தட்டாங்கல் விளையாட்டில் ஒரு கல்லை மேலே வீசி, அது கைக்குத் திரும்புமுன் தரையிலுள்ள கற்களை ஒன்றாக, இரண்டிரண்டாக, மூன்றும் ஒன்றுமாக, இறுதியில் நான்கையும் ஒருங்கே வாரிப் பிடிக்க வேண்டும். அடுத்த வீச்சில் எடுக்கவேண்டிய கற்களின் கிடப்பை முன்னரே கணித்துக் கல்லைப் பரப்புவதே தேர்ந்த ஆட்டம். டைனர் டாஷ் கோரும் வரிசைத் திட்டமிடலும் இதுவே.

ஆயினும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. அரை மீட்டர் உயரம் வீசிய கல், வீசிய உயரத்திற்கே திரும்ப ஏறத்தாழ 0.64 நொடி ஆகும். ஒரு மீட்டர் வீசினால் ஏறத்தாழ 0.90 நொடி. அதாவது, எத்துணைக் காலம் வேண்டும் என்பதை ஆடுபவளே தன் கைவீச்சால் வகுத்துக்கொள்கிறாள். உயர வீசினால் காலம் கூடும், பிடிப்பது அரிதாகும். தாழ வீசினால் பிடிப்பது எளிது, வாருவது அரிது. கணினி விளையாட்டிலோ காலம் நிரலரால் முன்னரே விதிக்கப்பட்டது. ஆடுபவர் அதற்குள் தம்மைப் பொருத்திக்கொள்கிறார்.

கிச்சுக்கிச்சுத் தாம்பாளம்: முகம் பார்த்துத் தேடுதல்

நீளவாக்கில் குவித்த மணற்கரையினுள் ஒருவர் சிறு துரும்பை மறைப்பார். மற்றவர் அது இருக்குமிடத்தை ஊகித்து, இரு கைகளையும் கோத்து அவ்விடத்தை மூடுவார். ஊகம் தவறினால் அவர் கைகளில் மணலை ஏந்தச் செய்து, அதில் துரும்பை நட்டு, கண்ணைப் பொத்தி அழைத்துச் சென்று ஓரிடத்தில் கொட்டச் செய்வர். பின்னர் அவ்விடத்தை அவரே கண்டறிய வேண்டும்.

இங்குத் தேடலுக்குரிய தடயம் மணலில் மட்டும் இல்லை. மறைப்பவரின் கை எங்கே தயங்கியது, முகம் எங்கே மலர்ந்தது என்பதையும் தேடுபவர் படிக்கிறார். கணினி விளையாட்டில் மறைத்தவர் எதிரே இல்லை. அவர் வைத்த படம் மட்டுமே உண்டு. எதிராளி இல்லாமையைக் குறையாகவே கொள்ள வேண்டியதில்லை. எவரையும் அழைக்காமல், எவருக்கும் காத்திராமல், அடுப்பில் சோறு கொதிக்கும் நேரத்தில் ஆடத் தக்கதாக இவ்விளையாட்டை ஆக்குவது அந்த இன்மையே ஆகும்.

பாவூர்சத்திரம்: எண்ணிக்கையால் அளக்கப்படும் பொழுது

திருநெல்வேலி – தென்காசி நெடுஞ்சாலையில் அமைந்த பாவூர்சத்திரம் அதன் காய்கறிச் சந்தையால் அறியப்படுவது. 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமானபோது அதன் எல்லைக்குள் வந்தது. கீழப்பாவூர், ஆலங்குளம் உள்ளிட்ட இவ்வட்டாரத்தில் பெண்கள் வீட்டிலிருந்தே பீடி சுற்றுவது நீண்டகாலத் தொழில். இலையை நனைத்தல், அளவாக வெட்டுதல், தூள் வைத்துச் சுருட்டுதல், நூல் கட்டுதல், முனை மடித்தல் என அதன் செயல்கள் ஒன்றையொன்று தொடர்வன. கூலி நாளுக்கன்று, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்னும் கணக்கில் அமைவது. தரம் குறைந்தவை கழிக்கப்படும். சமையல், தண்ணீர், பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றின் இடைவெளிகளில் இவ்வெண்ணிக்கை நிறைவு செய்யப்படுகிறது. வரிசையிட்ட செயல், குறித்த இலக்கு, தவறுக்குத் தண்டம் என்னும் நேர மேலாண்மை விளையாட்டின் மூன்று கூறுகளும் இங்கு வாழ்க்கையாகவே உள்ளன.

இந்நிலை ஒரு வட்டாரத்துக்கு மட்டும் உரியதன்று. 2019ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கென நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிடுகின்றனர். ஆகவே பெண்களின் ஓய்வு தொடர்ச்சியான பொழுதாக அமைவதில்லை. துணுக்குகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஷிரா செஸ் தம் 'ரெடி பிளேயர் டூ' (2017) என்னும் நூலில், எளிய கணினி விளையாட்டுகள் பெண்களின் இத்தகைய சிதறிய ஓய்வைக் கருத்திற்கொண்டே வடிவமைக்கப்படுகின்றன என விளக்குகிறார்.

உழைத்துக் களைத்தவர் விளையாட்டிலும் ஏன் உழைப்பையே நாட வேண்டும் என்னும் வினா இங்கு எழுவது இயல்பு. குற்றாலச் சாரல் காலத்தில் தென்காசி, செங்கோட்டைச் சாலையோர உணவகங்களில் மேசை துடைப்பவருக்குக் கூட்டம் கூடினால் களைப்புக் கூடுமேயன்றிக் கூலி கூடும் என்னும் உறுதியில்லை. டைனர் டாஷில் ஒவ்வொரு செயலுக்கும் உடனடியாக, கணக்குத் தவறாமல் மதிப்பு வழங்கப்படுகிறது. உழைப்பு ஐயத்துக்கு இடமின்றி அங்கீகரிக்கப்படும் ஒரு கற்பனை உலகை அது படைக்கிறது. அதன் இன்பம் அவ்வங்கீகாரத்தில் உள்ளது எனலாம்.

அதே வடிவமைப்பு ஓய்வைச் சுரண்டவும் வல்லது. தொடக்கத்தில் இவ்விளையாட்டுகள் ஒரு மணி நேரம் இலவசமாக ஆடத் தரப்பட்டு, பின் விலைக்கு விற்கப்பட்டன. இன்றைய கைப்பேசி வடிவங்கள் பலவற்றில் ஆடுவதற்கான 'எனர்ஜி' தீர்ந்துவிடும். அது நிரம்பும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது பணம் செலுத்த வேண்டும். தட்டாங்கல்லில் கை சோர்ந்தால் ஆட்டம் நிற்கும். இங்கோ ஆட்டம் எப்பொழுது நிற்க வேண்டும், எப்பொழுது தொடர வேண்டும் என்பதை நிறுவனம் முடிவு செய்கிறது.

சொற்பட்டியலும் வட்டார வழக்கும்

தமிழில் 'பொருள்' என்னும் சொல் பண்டத்தையும் கருத்தையும் ஒருங்கே குறிக்கும். பொருள் தேடல் விளையாட்டு இவ்விரண்டையும் இணைப்பது. சொல்லின் பொருளை அறியாதவர் படத்தில் பொருளைக் காண இயலாது. அவ்வகையில் இது பெயரறியும் பயிற்சியாகும். பட்டியல் ஆங்கிலத்தில் இருப்பின் ஆடுபவர் அறியும் பெயர்கள் பிறநாட்டு மாளிகைக்கும் மதுக்கூடத்துக்கும் உரியனவாகின்றன.

இவ்வமைப்பைத் தமிழ் வீட்டின் மீது வைத்து எண்ணிப் பார்க்கலாம். பாவூர்சத்திர வட்டாரத்துப் பழைய அடுக்களை ஒன்றின் படத்தில் சுளகு, உழக்கு, நாழி, கும்பா, உறி, திருகை, பாக்குவெட்டி, ஓலைப்பெட்டி ஆகியவற்றைத் தேடச் சொன்னால், உழக்குக்கும் நாழிக்கும் உள்ள அளவு வேறுபாட்டை அறிந்தால் மட்டுமே ஆட்டம் முடியும். வடமாவட்டத்தார் முறம் என்பதை நெல்லைச் சீமையார் சுளகு என்பர். ஒரே படத்துக்கு வட்டாரந்தோறும் வேறு பட்டியல் அமைக்க முடியும். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கியது போன்ற பணிக்கு, ஆடிக்கொண்டே கற்கும் துணைக்கருவியாக இது அமையும். அகராதியில் சொல்லுக்கு விளக்கம் கிடைக்கும். இங்கு அடுக்களையில் அப்பண்டம் இருந்த இடமும் அதன் அண்டைப் பொருள்களும் சேர்ந்து கிடைக்கும்.

முடிவுரை

இவ்வொப்பீட்டால் பெறப்படுவன வருமாறு:

1. நேர மேலாண்மை, பொருள் தேடல் விளையாட்டுகளின் அடிப்படைக் கூறுகள் முறையே தட்டாங்கல்லிலும் கிச்சுக்கிச்சுத் தாம்பாளத்திலும் காணப்படுகின்றன. எனவே இவற்றை மரபுக்கு முற்றிலும் அயலானவை எனல் பொருந்தாது.

2. வேறுபாடு காலத்தின் உரிமையில் உள்ளது. மரபு விளையாட்டில் காலத்தை ஆடுபவர் வகுக்கிறார். கணினி விளையாட்டில் அது விதிக்கப்படுகிறது, விற்கவும் படுகிறது.

3. எண்ணிக்கைக் கூலியும் ஊதியமற்ற வீட்டுவேலையும் ஓய்வைச் சிதறச் செய்துள்ள சூழலில், எதிராளி வேண்டாத, எங்கும் நிறுத்தத்தக்க விளையாட்டைப் பெண்கள் ஆடுவதைப் பொழுதை வீணாக்குதல் என இகழ்தல், அவர்களின் பொழுது எங்கே போயிற்று என்னும் முதன்மை வினாவை மறைத்துவிடும்.

4. பொருள் தேடல் விளையாட்டின் சொற்பட்டியல் வட்டாரச் சொற்களைக் காக்கும் களமாகத் தக்கது. தமிழ்த்துறைகளும் கணினித்துறைகளும் இணைந்து செய்யத்தக்க எளிய பணி இது.

தட்டாங்கல் மறைந்ததற்குக் கைப்பேசியை மட்டும் காரணமாக்குவது எளிது. கூடி அமர்ந்து கல் வீச நால்வருக்கும் ஒரே வேளையில் கிட்டிய ஓய்வு மறைந்தமையும் உடன் ஆராயப்பட வேண்டும்.